இரட்டை விசில்

சூலூரில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். கண்டக்டர் சின்னராசு பின்படியில் நின்றான். விசில் அவன் வாயில் இருந்தது. கன்னம் ஒரு தடவை உப்பியது, இன்னொரு தடவை உப்பியது. இரண்டு சத்தமும் காதில் விழுந்தன. கன்னமும் சத்தமும் ஒத்துப்போகின்றன, இது அவன் ஊதியதுதான், போகலாம் என்று கிளட்சை விட்டேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் நான் கண்டக்டரின் கன்னத்தைப் பார்த்து வண்டி எடுத்ததில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போ. வாசலில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு பஸ் விளையாட்டு விளையாடுகிற பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். அந்த இரண்டு சத்தத்துக்கு என் கால் தானாக நகரும்; நான் சொல்லி நகர்வதில்லை. அப்படித்தான் இன்று காலையிலும் நகர்ந்தது. சிங்காநல்லூரில் மில்லுக்குப் போகிற அந்தப் பெண் பின்படியில் ஒரு காலை வைத்திருந்தாள். இரண்டு விசில் கேட்டது. வண்டி நகர்ந்தது. அவளுடைய இன்னொரு கால் ரோட்டில் இருந்தது. கம்பியை விடாமல் வண்டியோடு கொஞ்ச தூரம் இழுபட்டு ஓடிவந்தாள். உள்ளேயிருந்து யாரோ தோளைப் பிடித்துத் தூக்கிப் போட்டார்கள். அவள் கையிலிருந்த பச்சை வயர் கூடை விழுந்தது, டிபன் டப்பா ரோட்டில் உருண்டது. பின்சக்கரம் அந்த டப்பாவுக்குப் பக்கத்தில்தான் போயிற்று. பின்சக்கரத்தைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். சின்னராசு ஒற்றை விசில் கொடுத்தான், நிறுத்தினேன், கூடையை எடுத்துவந்து கொடுத்தான். கூட்டம் என்னைத் திட்ட ஆரம்பித்தபோது, நான்தானுங்க அவசரப்பட்டு ஊதிப்போட்டேன், அண்ணன் மேல தப்பில்லீங்க என்று அவனே முன்னால் வந்து சொன்னான். அதோடு முடிந்தது. முடிந்துதான் போயிற்று. மில் ஸ்டாப்பில் முன்படி வழியாக இறங்க வந்தவள் என் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். முழங்கைத் தோல் வழன்றிருந்தது. அதை முந்தானையால் மூடிக்கொண்டு, "கொஞ்சம் பாத்துங்ண்ணா" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், அவளும் சொல்லியிருப்பாள், இரண்டு பேருக்கும் ஆறியிருக்கும். இப்போது இந்த நடையில் மில் விடுகிற நேரத்துக்கு அதே ஸ்டாப்புக்குப் போகிறேன். அவள் அங்கே நிற்பாள். ஏறுவாள். நான் இரண்டு விசில் கேட்டு வண்டியை எடுக்க வேண்டும்.

சூடு. சாயங்காலம் ஆனாலும் இன்ஜின் சூடு இறங்குவதில்லை. இடது பக்கம் முழுவதும் எனக்கு எப்போதும் வெந்துகொண்டிருக்கும். இன்ஜின் அந்தப் பக்கம்தானே. இடது தொடையில் முடி முளைப்பதே இல்லை, இடது காதில் பாதிதான் கேட்கிறது. வீட்டில் என் பெண் மிதுனா பேச வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து உட்காருவாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை, அவளாகவே கண்டுபிடித்துக்கொண்டாள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும், அப்பாவுக்கு அந்தப் பக்கம் வேண்டாம் பெரியம்மா, இந்தப் பக்கம் உட்காருங்க என்று நாற்காலியை நகர்த்திப் போடுவாள். தாகமாக இருக்கிறது. பாட்டில் காலடியில்தான் உருள்கிறது. குடித்தால் வழியில் எங்கே இறங்குவது? காந்திபுரத்தில் வண்டியைப் போட்டதும் டைம் ஆபீஸ்காரர் கையைத் தட்டுவார், பின்வண்டி வந்துருச்சு எடு எடு என்பார். கக்கூஸுக்கு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வர வேண்டும். ஆகவே தண்ணீர் குடிப்பதில்லை. குடிக்காமல் இருந்து பழகினால் பழகிவிடும் என்று நினைத்தேன். போன வருஷம் கல் என்றார்கள். இடுப்புக்குப் பின்னாலிருந்து யாரோ திருப்புளியை விட்டு முடுக்குகிற மாதிரி வலி. டாக்டர் நிறையத் தண்ணீர் குடியுங்க என்றார், நானும் சரிங்க என்றேன், அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முன்னால் ஒரு மொபெட், பின்னால் இரண்டு சிமெண்டு மூட்டை, ஓரமாகவும் போகாமல் நடுவிலும் போகாமல். ஒலிப்பானை அழுத்துகிறேன். கண்ணாடியில் பார்த்தால் பின்வண்டி சிந்தாமணிப்புதூர் மேட்டில் தெரிகிறது, நீலமும் மஞ்சளும். அது வேறு முதலாளியின் வண்டி. எங்கள் தொழிலில் எல்லாம் இதுதான், முன்வண்டி, பின்வண்டி. முன்வண்டி போனபிறகு நாம் வருவதற்குள் ஸ்டாப்பில் எவ்வளவு பேர் சேர்கிறார்களோ அவர்கள் நம் ஆட்கள். நாம் தாமதித்தால் பின்வண்டிக்காரன் அள்ளிக்கொண்டு போய்விடுவான். படியில் தொங்கினாலும் சரி, மேலே ஏறினாலும் சரி, ஏற்றிக்கொள்ள வேண்டும். பின்வண்டி வருதுங்க, அதுல வாங்க என்கிற வார்த்தையை மட்டும் சொல்லக் கூடாது. முதலாளி என்னை வேலைக்கு எடுத்தபோது சொன்ன ஒரே புத்திமதி அதுதான். லைசென்சைக்கூடக் கேட்கவில்லை, அதைச் சொன்னார். அந்த வார்த்தை வாயில வந்துச்சுன்னா அன்னைக்கே சாவிய வெச்சுட்டுப் போயிடு மாரப்பா என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எப்போது ஆரம்பித்தது இது? வீட்டில்தான் முதலில். இல்லை, அதற்கு முன்னாலேயே இருந்திருக்கும், வீட்டில்தான் பிடிபட்டது. குக்கரில். பூங்கொடி பருப்பு வைத்திருந்தாள். நான் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். குக்கர் ஒரு விசில் விட்டது. கை நின்றது. அடுத்த விசில் விட்டது. என் இடது கால் நீண்டு கிளட்சை மிதிக்கப் போய்ச் சொம்பைத் தள்ளிவிட்டது. தண்ணீர் பாய் முழுக்க ஓடியது. மிதுனா விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா, அப்பா வண்டிய எடுத்துட்டாரு, டிக்கெட் வாங்கிக்கோங்க என்று தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றாள். நானும் சிரித்தேன், பூங்கொடியும் சிரித்தாள். அக்கம்பக்கத்தில் சொல்லி அவர்களும் சிரித்தார்கள். அப்புறம் அது ஒவ்வொரு நாளும் நடந்தது. தூக்கத்தில் நடந்தது. பகல் ஓய்வில் கண்ணை மூடினால் பக்கத்து வீட்டுக் குக்கர் கத்தும், நான் காலை உதைப்பேன், பூங்கொடிக்கு முழங்காலில் அடி விழும். அவள் பாயைச் சுவர் ஓரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒரு நாள் எழுந்து பார்க்கிறேன், அடுப்பில் சட்டியில் பருப்பு வெந்துகொண்டிருக்கிறது, மூடி இல்லாமல், கரண்டியால் கிளறிக்கொண்டு நிற்கிறாள். ஏன் குக்கர் என்னாச்சு என்றேன். ரப்பர் போயிருச்சுங்க என்றாள். சரி, வாங்கிட்டு வர்றேன் என்றேன். வேண்டாம் வேண்டாம், சட்டியில வெச்சாத்தான் ருசி என்றாள். குக்கரை எடுத்துப் பார்த்தேன். ரப்பர் நன்றாகத்தான் இருந்தது, மெத்தென்று, புதுசு மாதிரி. நான் பார்த்ததை அவள் பார்த்தாள். கேஸ் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. இப்போது வீட்டில் குக்கரே இல்லை, பரண்மேல் போட்டுவிட்டாள், விசில் மட்டும் இருக்கிறது. இன்றைக்கு மத்தியானம் சாப்பிடாமல் வண்டியிலேயே சாய்ந்திருந்தேன், அப்போதும் கேட்டது. இரண்டு. நிறுத்தம், பிறகு இரண்டு. சுற்றிப் பார்த்தேன், ஸ்டாண்டில் ஒரு வண்டியும் நகரவில்லை. வயிறு எரிகிறது. மருந்துக்கடைப் பையனிடம் காதில் விசில் சத்தம் கேட்குது தம்பி என்றால், கேஸா இருக்குங்ண்ணா என்று வயிற்று மாத்திரைதான் கொடுக்கிறான். சொட்டு மருந்தும் கொடுத்தான். பூங்கொடி என் தலையை மடியில் சாய்த்து விட்டாள், சில்லென்று இறங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரும் அசையாமல் இருந்தோம். பிறகு, கேக்குதுங்களா என்று கேட்டாள். அவள் கேட்டதும் கேட்க ஆரம்பித்துவிட்டது.

சொல்லிவிடலாம். யாரிடம்? முதலாளியிடம் போய், எனக்கு ஊதாத விசில் கேட்குதுங்க என்றா? ஆறுச்சாமி அண்ணன் அப்படிச் சொல்லிப் பார்த்தார். அவர்தான் எனக்கு முன்னால் இந்த வண்டியை ஓட்டினார். எதிரே வருகிற வண்டி வெளிச்சத்தில் கண் கூசுதுங்க, கொஞ்ச நாள் பகல் நடை மட்டும் கொடுங்க என்றார், அவ்வளவுதான் கேட்டார். முதலாளி நன்றாகத்தான் பேசினார். ஆறுச்சாமி, உடம்பப் பாத்துக்க, நல்லா ரெஸ்ட் எடு என்றார். மறுநாள் காலையில் அவர் ஷெட்டுக்கு வந்தபோது நான் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். சீட்டு முதுகில் அவருடைய துண்டு கிடந்தது, பச்சைக் கரை போட்ட ஈரோட்டுத் துண்டு, வேர்வை காய்ந்து விறைப்பாக. நான் எடுத்து நீட்டினேன். அவர் வாங்கி உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, கிளட்சு கொஞ்சம் கெட்டி, பாத்து மிதி மாரப்பா என்று சொல்லிவிட்டு நடந்தார். இப்போது சரவணம்பட்டியில் ஏதோ அடுக்குமாடி வீட்டு வாசலில் உட்கார்ந்து கார்களுக்குக் கதவு திறந்துவிடுகிறார் என்றார்கள். ஒரு நாள் பார்த்தேன். ஆள் நன்றாகத்தான் இருந்தார். தண்ணீர் பாட்டில் பக்கத்தில் இருந்தது, பாதி காலி. ஆனால் என்னைப் பார்த்ததும், வண்டி எப்படியிருக்கு என்றார். என்னைக் கேட்கவில்லை. என் துண்டும் இப்போது முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது, சாய்ந்தால் ஈரம் தெரிகிறது. வேகத்தடை. மெதுவாக, மெதுவாக. பின்னால் யாரோ ஒரு பெரியவர், டிரைவர் தம்பி, முதுகு முறிஞ்சிரும்போல என்கிறார். அதற்கு இன்னொருத்தர், முறிஞ்சா காந்திபுரத்துல சேத்தி வெப்பாங்க, பேசாம வாங்க என்கிறார். சிரிப்பு. இவர்களுக்கு என்ன தெரியும்? தெரிய வேண்டாம். வண்டி ஓட்டுகிறவனுக்கு ஏதோ ஆகிறது என்று பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியவே கூடாது. சின்னராசுவுக்குத் தெரியுமா?

அவன்தான் ஊதினேன் என்று சொன்னானே. எல்லார் முன்னாலும் சொன்னான். அவன் ஊதியிருந்தால் என் காது சரியாகத்தான் இருக்கிறது. அவன் ஊதினான், நான் எடுத்தேன், தப்பு அவனுடையது, நான் கண்டபடி யோசித்துக்கொண்டிருக்கிறேன். சூலூரில் டீ குடிக்கும்போது அவன் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வடையைப் பாதி பிய்த்துக் கொடுத்தான். அவன் மச்சினனுக்குப் பெண் பார்க்கப் போனது, அங்கே பெண்ணின் தாத்தா எல்லாரையும் விட்டுவிட்டு இவனைப் பார்த்து டிரைவராங்க கண்டக்டரா, தினப்படி பாட்டா எவ்வளவு என்று கேட்டது, எல்லாம் சொன்னான். நன்றாகச் சொல்லுவான் அவன். நான் சிரித்தேன். சிரிக்கிற நேரத்தில் கேட்டிருக்கலாம், காலைல நெசமாவே ஊதுனியா என்று. நாக்கு நுனிவரை வந்தது. வடையோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். ஊதினேன் என்று அவன் சொல்லியிருந்தால் போதும், நான் நம்பியிருப்பேன். நம்பியிருப்பேனா? அப்படியானால் ஏன் கேட்கவில்லை? இருகூர் பிரிவு வருகிறது. ஒருத்தர் கை காட்டுகிறார், ஏறவில்லை, நேரம் கேட்கத்தான் கை காட்டியிருக்கிறார். சரி, காலையில் என்ன நடந்தது என்று ஒழுங்காக நினைத்துப் பார்க்கலாம், ஒவ்வொன்றாக. சிங்காநல்லூர். நிறுத்தினேன். முன்படியில் காலேஜ் பிள்ளைகள் ஏறினார்கள். நடுவில் சின்னராசு ஒரு பையனோடு சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். பையன் பெரிய நோட்டை நீட்டினான் போலிருக்கிறது. ஏப்பா, காலங்காத்தால இத நீட்டுனா நான் என்ன பேங்கா வெச்சிருக்கேன், எறங்கறப்ப வாங்கிக்க என்று அவன் சொன்னான். அந்த வார்த்தை முழுசாகக் காதில் விழுந்தது. காலங்காத்தால. அந்தக் காலங்காத்தாலயில்தான் முதல் விசில் கேட்டது. பேங்கா வெச்சிருக்கேன் என்பதில் இரண்டாவது. கால் நகர்ந்தது. எறங்கறப்ப வாங்கிக்க என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் அலறினாள். மறுபடியும் நினைத்துப் பார்க்கிறேன். காலங்காத்தால, விசில். பேங்கா வெச்சிருக்கேன், விசில். பேசிக்கொண்டே எப்படி ஊதுவான்? விசில் வாயில் இருந்தால் பேச முடியாது. பேசினால் ஊத முடியாது. எந்த மனுஷனாலும் முடியாது. இது எனக்குக் காலையிலேயே தெரியும். காலையிலிருந்து இதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன், பக்கத்தில் போகாமல். அவன் ஊதவில்லை. யாரும் ஊதவில்லை. அவனுக்கும் தெரியும். அவனுக்குத் தெரிந்ததால்தான் தான் ஊதியதாகச் சொன்னான், பூங்கொடி ரப்பர் போய்விட்டது என்று சொன்னாளே, அது மாதிரி. என்னைச் சுற்றி இருக்கிறவர்கள் எல்லாரும் எனக்காகப் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். குக்கரைப் பரணில் போடலாம். இந்த வண்டியை எந்தப் பரணில் போடுவது?

ஸ்டியரிங் வழுக்குகிறது. கை வேர்த்திருக்கிறது, இடது கை, வலது கை இரண்டும். துண்டில் துடைத்துக்கொண்டேன். மில் ஸ்டாப்புக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான், புகைபோக்கி தெரிகிறது. மில் விட்டிருக்கும். பொம்பளைகள் எல்லாம் தலையில் பஞ்சோடு நிற்பார்கள், புருவத்தில்கூட ஒட்டியிருக்கும், எல்லாருக்கும் ஒரே நாளில் நரைத்துவிட்ட மாதிரி. அந்தப் பெண்ணும் அப்படித்தான் இருப்பாள். அவள் வீட்டில் யார் இருக்கிறார்கள்? அவளுக்கும் மிதுனா வயதில் ஒன்று இருக்கலாம். மிதுனா கோ-கோ விளையாடுகிறாள், பள்ளிக்கூட டீமில். எத்தனையோ தடவை கூப்பிட்டாள். ஒரே ஒரு தடவை லீவு போட்டுப் போனேன். மைதானத்தில் வாத்தியார் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். ஊதினால் ஓடுகிறார்கள், ஊதினால் நிற்கிறார்கள். என் கால் இரண்டும் பெஞ்சுக்குக் கீழே ஆடிக்கொண்டே இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா தள்ளி உட்கார்ந்தாள். பாதியில் எழுந்து வந்துவிட்டேன். அப்பா, நான் மூணு பேர அவுட் பண்ணுனேன், பாத்தீங்களா என்று கேட்டாள். பார்த்தேன் கண்ணு என்றேன். வலப்பக்கம் வந்து உட்கார்ந்துதான் கேட்டாள். அவளுக்கும் நான் பார்க்கவில்லை என்று தெரிந்திருக்கும். இப்போது என்ன செய்வது? கன்னத்தைப் பார்த்து எடுக்கலாம், சூலூரில் செய்த மாதிரி. கூட்டம் ஏறிவிட்டால் கண்ணாடியில் சின்னராசு தெரிய மாட்டான், தலைகள்தான் தெரியும். வெளிக் கண்ணாடியில் முன்படி தெரியும், பின்படியில் ஒருத்தர் தொங்கினால் அவருடைய முதுகுதான் தெரியும், அவருக்குப் பின்னால் யார் கால் வைக்கிறார்கள் என்று தெரியாது. கண்ணால் முடியாது என்பதற்காகத்தானே விசிலே வைத்திருக்கிறார்கள். வாயால் சொல்லச் சொல்லலாம், போலாம் ரைட் என்று. சத்தமாகச் சொல்லச் சொல்லலாம். நாளைக்கு விசில் ஊதாமல் கேட்கிற மாதிரி, அதுவும் சொல்லாமல் கேட்குமே. இன்றைக்கு ஒரு நாள் ஓட்டிவிடலாம். இன்றைக்கு இந்த நடையோடு ஓட்டிவிட்டு நாளைக்குப் பார்க்கலாம். நேற்றும் இதைத்தான் சொன்னேன். நேற்று அவள் முழங்கை நன்றாக இருந்தது.

நிறுத்தினேன். ஒரே தள்ளுமுள்ளு. ஏய் நகருடி, சாக்கு மூட்டையாட்ட நிக்கறா பாரு, உள்ள போ உள்ள போ, உள்ள எங்க போறது, டிரைவர் மடியிலயா என்று சத்தம். என் பக்கத்தில் இன்ஜின் மூடியின் மேல்கூட இரண்டு பேர் சாய்ந்துகொண்டார்கள். பஞ்சு வாசமும் எண்ணெய் வாசமும். வெளிக் கண்ணாடியில் பார்க்கிறேன், முதுகுகள், கூந்தல், ஒரு சாப்பாட்டுத் தூக்குப்போசி. பச்சை வயர் கூடை. பின்படிக்குப் பக்கத்தில், கூட்டத்துக்கு வெளியே, கடைசியாக. இரண்டு விசில். தெளிவாக, காதோடு வைத்து ஊதின மாதிரி. கால் நகர்ந்தது. நகர்ந்த காலை இன்னொரு காலால் பிடிக்க முடியுமா? பிரேக்கை மிதித்தேன், வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. யாரோ முன்னால் சாய்ந்து என் தோளில் இடித்தார்கள். தலைக்கு மேல் இருக்கிற கண்ணாடியில் சின்னராசு இல்லை, தலைகள் மட்டும். மறுபடி இரண்டு விசில். ஊதுகிறானா? எல்லாரும் ஏறிவிட்டார்களா? கூடை எங்கே? கூடை கண்ணாடியில் இல்லை. ஏறிவிட்டாளா, பின்சக்கரத்துப் பக்கம் வந்துவிட்டாளா? என்னங்க, எடுங்க, தூங்கிட்டாரா என்று குரல். பின்வண்டி வந்து பின்னால் நின்று ஒலிப்பானை அழுத்துகிறான், விடாமல். இடது கால் கிளட்சின் மேல் நடுங்குகிறது, முழங்கால் தையல் மிஷின் மாதிரி அடிக்கிறது. இரண்டு விசில். மறுபடி இரண்டு. சாவியைத் திருப்பினேன். இன்ஜின் நின்றது.

இத்தனை பேர் ஏறிய வண்டியில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. ரோட்டுச் சத்தமும் பின்வண்டியின் ஒலிப்பானும் தூரத்தில் போய்விட்டன. அந்த அமைதியில், நடு மண்டையில், இரண்டு விசில் கேட்டது. சின்னராசு கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தான். டிக்கெட் கட்டை ஒரு கையில் தூக்கிப் பிடித்திருந்தான்.

"என்னங்ண்ணா, பிரேக் ஏதாச்சுங்களா?"

"ஊதுனியா?"

அவன் என்னைப் பார்த்தான். ஊதினேன் என்று சொல்லப் போகிறான் என்று தெரிந்தது. வாயைத் திறந்துவிட்டான். நான் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வாயை மூடிக்கொண்டான், பிறகு மெதுவாக, "இல்லீங்ண்ணா. இன்னும் ஏறிட்டிருக்காங்க" என்றான்.

"இப்ப?"

அவன் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான். விசில் கறுப்புக் கயிற்றில் சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைக் கையால் மூடிப் பிடித்தான், அதன் வாயைப் பொத்துகிற மாதிரி.

"இப்பவும் கேக்குது சின்னராசு" என்றேன். "காலைலயும் நீ ஊதல."

இன்ஜின் மூடியின் மேல் சாய்ந்திருந்த பொம்பளை மெதுவாக நிமிர்ந்து நின்றாள். கை பிரேக்கை இழுத்துவிட்டேன். துண்டை எடுத்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டேன். என் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினேன். உள்ளே நின்ற சின்னராசு, அண்ணா, முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன், நீங்க மேல வாங்க, மெதுவா போயிடலாம் என்று சன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வண்டியின் முன்னால் சுற்றி அந்தப் பக்கம் போனேன். இடது பக்கம். ஸ்டாப்பில் வண்டி நிற்கிறபோது நான் அந்தப் பக்கம் வந்ததேயில்லை. ஷெட்டில் காலி வண்டியாக நிற்கும்போது வந்திருக்கிறேன், ஆள் ஏறும்போது வந்ததில்லை. பின்படி எவ்வளவு உயரம். முழங்காலுக்கு மேல் இருக்கிறது. அவள் ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள், தலை முழுக்கப் பஞ்சு, கூடையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, படியில் காலை வைக்காமல். வண்டி முழுசாக நிற்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். முழங்கையில் மஞ்சள் பூசியிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு எட்டு பின்னால் வைத்தாள்.

"வண்டி எடுக்க மாட்டீங்களாங்ண்ணா?"

"இல்லீங்க" என்றேன். "பின்னால வண்டி வந்திருக்குதுங்க. அதுல போங்க."

படியில் நின்ற ஒருத்தர் சிரித்தார், வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். பின்வண்டிக்காரன் இதற்குள் எங்களைச் சுற்றிக்கொண்டு போவதற்கு வண்டியை வலப்பக்கம் ஒடித்துவிட்டான். சின்னராசு படியிலிருந்து குதித்து ஓடி, ரோட்டு நடுவில் போய்க் கையை விரித்து நின்றான். கறுப்புக் கயிற்றை இழுத்து விசிலை வாயில் வைத்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கன்னம் உப்பியது. ஒரே ஒரு விசில், நீளமாக.